நீலம் கூடிப்போன படங்கள்

உம்மே ஹானிக்கும் புகழேந்திக்கும் பல வருடப் பழக்கம். அது ஒரு கம்ப்யூட்டர் வாங்கும் விஷயத்தில் கசந்துபோனது.

இருவரும் அடையாறில், ஓர் அறக்கட்டளை நடத்தும் அருங்காட்சியகத்தில் வேலை பார்த்தார்கள். சிறிய இடம்தான். பழைய துணிகளும் கண்ணாடி ஓவியங்களும் அங்கே அதிகம். ஹானி அதன் புகைப்படக்காரி. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. கல்யாண வீடுகளில் காமிரா தூக்கத் தொடங்கி, பத்திரிகைகளுக்குப் படம் எடுத்து, கடைசியில் இங்கே வந்து நிலைத்தவள். ஒவ்வொரு வருடமும் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்கள். புகழேந்தி சைதாப்பேட்டைக்காரன். கட்டடத்தில் இருக்கும் நாற்பது கம்ப்யூட்டருக்கும் அவன்தான் வைத்தியன். ஹானியை முதல் வாரத்திலிருந்தே அக்கா என்றுதான் கூப்பிடுவான். அவள் வீட்டில் பெருநாள் பிரியாணி செய்தால் அவனுக்கு ஒரு தூக்கு தனியாக வரும்.

அந்த வருடம் ஒரு நன்கொடையாளர் புண்ணியத்தில் மாடியில் புதிதாக ஒரு டிஜிட்டல் படப்பிடிப்புக் கூடம் கட்டினார்கள். விளக்குகள் வந்தன, காமிரா வந்தது, துணியை மடிப்பு விழாமல் விரித்துப்போட அகலமான மேசை வந்தது. கம்ப்யூட்டர் மட்டும் வரவில்லை. ஹானி மேக்தான் வேண்டும் என்றாள். புகழேந்தி விண்டோஸ்தான் சரி என்றான்.

"பதினஞ்சு வருஷமா என் கை அதுலதான் ஓடுது," என்றாள் ஹானி. "நிறம் அதுலதான் எனக்கு நம்பிக்கை. துணிக்கு நிறம்தானே உசுரு?"

"அக்கா, நாப்பது மெஷின் விண்டோஸ். இது ஒண்ணு மட்டும் வேற ஜாதின்னா நான் இன்னா பண்றது? உங்க டிஸ்க்க கீழ் ரூம்ல சொருகினா தெறக்க மாட்டேங்குது. விண்டோஸ் மெஷின்ல ஒரு பார்ட் போச்சுன்னா ரிச்சி ஸ்ட்ரீட் போயி சாயங்காலத்துக்குள்ள மாட்டிடுவேன். மேக்க நான் தொடவே முடியாது."

ஆரம்பத்தில் இதெல்லாம் டீ குடித்துக்கொண்டே பேசிய பேச்சு. பிறகு ஒவ்வொரு கூட்டத்திலும் பேச்சாயிற்று. ஒரு கூட்டத்தில் ஹானி, "ரிப்பேர் பண்றவங்க சௌகரியத்துக்காக படம் எடுக்கறவங்க கைய ஒடிக்கக்கூடாது" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து புகழேந்தி அவளை மேடம் என்று கூப்பிட ஆரம்பித்தான். ஹானியும் அதைக் கவனிக்காதவள் போல இருந்தாள்.

வாங்கும் குழுவுக்குத் தலைவர் அனந்தராமன். கல்லூரியில் வேதியியல் நடத்தி ஓய்வுபெற்றவர், மயிலாப்பூரிலிருந்து காலையில் நடந்தே வந்துவிடுவார். இரண்டு பக்கமும் கேட்டுக் கேட்டு அவருக்கு அலுத்துவிட்டது.

"ரெண்டு பேரும் இப்படிச் சண்டை போட்டுண்டே இருந்தா நான் யாரை நம்பறது?" என்றார். "ரெண்டையும் ஒரு வாரம் வாடகைக்கு எடுங்கோ. ஹானி ரெண்டுலயும் வேலை பண்ணிப் பார்க்கட்டும். கடைசி நாள் நான் வந்து பார்க்கறேன். ஆனா எந்தத் திரை எந்த மெஷினோடதுன்னு எங்க யாருக்கும் தெரியக்கூடாது. தெரிஞ்சா கண்ணு பார்க்காது, மனசுதான் பார்க்கும்."

இரண்டு இயந்திரங்களும் வந்தன. இரண்டுக்கும் ஒரே மாதிரியான திரைகள். சோதனைக்கு ஹானி எடுத்துக்கொண்டது அவுரிச் செடியின் நீலச் சாயம் தோய்த்த ஒரு பழைய விரிப்பு. அருங்காட்சியகம் அப்போது அவுரித் துணிகளுக்கென்றே ஒரு கண்காட்சியும் புத்தகமும் தயார்செய்துகொண்டிருந்தது. அவள் விரிப்பைப் படம் எடுத்து, இரண்டு கம்ப்யூட்டரிலும் தனித்தனியாக, துணியைப் பார்த்துப் பார்த்து நிறத்தைச் சரிசெய்து முடித்தாள்.

சோதனை நாள் காலையில் புகழேந்தி முன்னதாகவே வந்தான். திரையின்மேல் தொங்கவிட்டு நிறத்தை அளக்கும் ஒரு கருவி அவனிடம் இருந்தது. இரண்டு திரைகளையும் அதை வைத்து ஒரே அளவுக்குக் கொண்டுவந்தான். பிறகு சந்தேகத்துக்கு இன்னொரு முறையும் அளந்தான். தோற்றால் நியாயமாகத் தோற்க வேண்டும் என்று நினைத்தான். கம்ப்யூட்டர்களை மேசைக்கடியில் வைத்துக் கறுப்புத் துணியால் மூடினான்.

அனந்தராமனும் குழுவின் மற்ற இருவரும் வந்தார்கள். விளக்கின் கீழே விரிப்பு கிடந்தது. பக்கத்தில் இரண்டு திரைகளிலும் அதன் படம். அனந்தராமன் துணியைப் பார்த்தார், திரைகளைப் பார்த்தார், மறுபடி துணியைப் பார்த்தார்.

"என்னது, ரெண்டுமே துணியை விட ஜாஸ்தி நீலமா இருக்கே? கொஞ்சம் ஊதா கூட அடிக்கிறதோ?"

மற்ற இருவரும் ஆமாம் என்றார்கள். புகழேந்திக்கும் அது பளிச்சென்று தெரிந்தது. துணியில் இருந்தது வெயிலில் வெளுத்து அடங்கிய நீலம். திரையில் இருந்தது பள்ளிக்கூடத்து இங்க் பாட்டில்.

"எங்க சார்?" என்றாள் ஹானி. கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டா முனையில் துடைத்துப் போட்டுக்கொண்டாள். துணியின்மேல் குனிந்தாள். திரையருகே போனாள். "துணி மாதிரியேதான் சார் இருக்கு. ரெண்டும் சரியாத்தான் இருக்கு."

புகழேந்தி அவள் முகத்தைப் பார்த்தான். வீம்புக்குப் பேசினால் அவள் உதடு இறுகும், அவனுக்குத் தெரியும். இப்போது அப்படி இல்லை. மற்றவர்கள் எதைச் சொல்கிறார்கள் என்று நிஜமாகவே தேடிக்கொண்டிருந்தாள்.

அனந்தராமன் அவன் பக்கம் திரும்பினார். "புகழேந்தி, ஸ்க்ரீனெல்லாம் சரியா செட் பண்ணினீரா, இல்லையா?"

ஆமாம் சார், ரெண்டு தடவை அளந்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். குறை திரையில் இல்லை, இயந்திரத்திலும் இல்லை என்று ஆகிவிடும். நிறத்துக்காக மேக் வேண்டும் என்ற பேச்சே அதோடு முடிந்துவிடும். ஆனால் அடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்றும் அவனுக்குத் தெரிந்தது. அப்படியென்றால் குறை யாரிடம்?

"இல்ல சார்," என்றான். "சரியா செட் பண்ணலன்னு நெனக்கிறேன். ஒரு கேபிள்லயும் சந்தேகமா இருக்கு. இன்னும் கொஞ்ச நாள் டைம் குடுங்க."

அனந்தராமனுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரு வாரமா என்னத்தைப் பண்ணிண்டிருந்தீர்? மூணு பேரை மாடி ஏற வெச்சு, இப்போ கேபிள்ங்கறீர்?"

புகழேந்தி தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டான். எல்லோரும் இறங்கிப்போன பிறகு ஹானி விரிப்பை மூடியபடி சொன்னாள்: "விண்டோஸ ஜெயிக்க வைக்கணும்ங்கற அவசரத்துல ஸ்கிரீனக்கூட ஒழுங்கா பாக்கல நீ."

அவன் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தான்.

கீழே தன் அறைக்குப் போய் ஹானி எடுத்த பழைய படங்களைத் திறந்தான். ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் ஒரு நிறப்பட்டை இருக்கும். சிவப்பு, பச்சை, நீலம் என்று அச்சிட்ட அட்டைத் துண்டு, துணியோடு சேர்த்தே எடுப்பது வழக்கம். அதில் நீலம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்குக் கணக்கு உண்டு. முன்பு எடுத்த படங்களில் எல்லாம் கச்சிதமாக இருந்தது. போன வருடப் படங்களில் நீலம் சற்றே ஏறியிருந்தது. இந்த வருடம் வரவர அதிகமாகிக்கொண்டே வந்து, கடைசி மாதங்களில் கூசியது. திடீரென்று நேர்ந்ததில்லை. ஒருவர் தனக்குத் தெரியாமலே கொஞ்சம் கொஞ்சமாக ஒரு பக்கம் சாய்ந்து நடப்பது போல இருந்தது.

புகழேந்திக்குத் தன் அம்மா நினைவு வந்தது. கண்புரை ஆபரேஷனுக்கு முன்னால் அவள் அப்பாவின் வெள்ளை வேட்டிகளை மறுபடி மறுபடி துவைத்துக்கொண்டிருந்தாள். மஞ்சக்கறை போகவே மாட்டேங்குது என்று சோப்பை மாற்றிக்கொண்டே இருந்தாள். வேட்டியில் கறையே இல்லை. இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. ஹானி இப்போதெல்லாம் ஸ்கூட்டியில் வருவதில்லை. சாயங்காலம் எதிரே வரும் வண்டி வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று ஷேர் ஆட்டோவில் போகிறாள்.

மறுநாள் மத்தியானம் மாடிக்குப் போனான். ஹானி தனியாக இருந்தாள். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் விளக்கின் வயரைச் சுற்றிக்கொண்டு நின்றான்.

"என்ன?"

"அக்கா, கண்ண ஒரு தடவ டாக்டர்கிட்ட காட்டுங்களேன்."

"எதுக்கு?"

"நேத்து அந்தப் படத்துல நீலம் ஜாஸ்தியாதான் இருந்துச்சு. எல்லாருக்கும் தெரிஞ்சுது. உங்களுக்கு மட்டும் தெரியல. பழைய படமெல்லாம் பாத்தேன். ஒரு வருஷமாவே..."

"பழைய படத்த யாரு உன்ன பாக்கச் சொன்னா?" அவள் குரல் உயர்ந்தது. "கம்ப்யூட்டர் சண்டையில ஜெயிக்க முடியலன்னு என் கண்ணப் பிடிச்சிக்கிட்டியா? கான்ட்ராக்ட் முடியற நேரத்துல போய் இத எல்லார்கிட்டயும் சொல்லு. ஈஸியா இருக்கும் உனக்கு."

"ஜெயிக்கணும்னா நேத்தே ஜெயிச்சிருப்பேங்கா," என்றான் புகழேந்தி. "ஸ்கிரீன் சரியாத்தான் இருந்துச்சு. ரெண்டு தடவ அளந்தேன். கேபிளும் நல்லாத்தான் இருந்துச்சு."

ஹானி அவனையே பார்த்தாள். அனந்தராமன் அவனைத் திட்டியது அவள் காதில் மறுபடி விழுந்திருக்க வேண்டும். ஆனாலும், "கீழ போ, புகழ். எனக்கு வேலை இருக்கு," என்றுதான் சொன்னாள்.

அன்று அவள் நேரே வீட்டுக்குப் போகவில்லை. ராயப்பேட்டையில் அவள் கணவர் வலியுல்லா தையல் சாமான் கடை வைத்திருந்தார். நூல், பித்தான், லைனிங் துணி, ஜிப் என்று சுவர் முழுக்க அடுக்கியிருக்கும் ஒடுக்கமான கடை. ஹானி உள்ளே வந்து கல்லாவுக்குப் பின்னால் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"கருப்பு, கருநீலம், ஊதா, காப்பி கலர் எல்லாத்துலயும் நூல்கண்டு கொஞ்சம் எடுத்துக் குடுங்க," என்றாள்.

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

அவர் ஒரு தட்டில் போட்டுக் கொடுத்தார். அவள் டியூப்லைட்டுக்குக் கீழே தட்டை இழுத்து வைத்து, நூல்கண்டுகளைப் பிரித்து அடுக்கினாள். மாற்றி அடுக்கினாள். கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தாள். கடைசியில் இரண்டு குவியலாக வைத்துவிட்டு, "இது கருப்பு. இது நீலம். சரியா?" என்று கேட்டாள்.

வலியுல்லா குவியல்களை எட்டிப் பார்த்தார். ஜிப் வாங்க வந்த பெண்ணை அனுப்பிவிட்டு வந்து, கருப்புக் குவியலிலிருந்து பாதிக்கு மேல் எடுத்து மற்றப் பக்கம் வைத்தார். நீலக் குவியலிலிருந்து சிலவற்றை எடுத்து, "இது காப்பி கலர்மா," என்றார்.

ஹானி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன் தங்கச்சி மகளுக்கு நீல ப்ளவுஸுக்கு கருப்பு லைனிங் எடுத்துட்டுப் போனியே," என்றார் அவர் மெதுவாக. "எனக்கு அப்பவே ஒரு மாதிரி இருந்துச்சு. ஃபேஷனாக்கும்னு விட்டுட்டேன்."

"கேட்டிருக்கலாம்ல?"

"உன்கிட்ட கலரப் பத்தி நான் கேக்கறதா?"

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. முந்தானை போலத் துப்பட்டாவை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு, சோதனையில் நடந்ததையும் புகழேந்தி வந்து பேசியதையும் சொல்லி முடித்தாள். "துணிக்கு நிறம்தான் உசுருன்னு ஊர்பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேங்க. இது தெரிஞ்சா என்ன வேலைல வச்சிருப்பாங்களா?"

"மொதல்ல டாக்டர் என்ன சொல்றாருன்னு பாப்போம். வேலையப் பத்தி அப்புறம் பயப்படலாம்." அவர் நூல்கண்டுகளைத் திரும்ப அலமாரியில் வைக்கத் தொடங்கினார். "அந்தப் பையன் நேத்து எதுக்கு தன்மேல பழியப் போட்டுக்கிட்டான்? அத யோசிச்சியா?"

காலையில் ஹானி புகழேந்திக்கு போன் செய்தாள். முந்தின நாள் பேச்சைப் பற்றி இருவரும் எதுவும் சொல்லவில்லை. "உங்க அம்மாவுக்கு கண்ணு எங்க பாத்த?" என்று மட்டும் கேட்டாள். அவன் சொன்னான். "நானும் வரட்டாக்கா?" என்றான். "வேணாம், அவரு வர்றாரு. நீ அந்த விரிப்ப வெளிய வைக்காம பத்திரமா உள்ள வை," என்றாள்.

டாக்டர் ஓர் இளம்பெண். கண்ணில் சொட்டு விட்டு, விளக்கடித்துப் பார்த்து, இரண்டு கண்ணிலும் புரை இருக்கிறது, வலது கண்ணில் அதிகம் என்றாள். "மஞ்சக் கண்ணாடி போட்டுக்கிட்டு பாக்கற மாதிரிம்மா இது. ஒரே நாள்ல வந்திருந்தா தெரிஞ்சிருக்கும். கொஞ்சங்கொஞ்சமா வந்ததால மூளை அதுக்குப் பழகிடுச்சு. நீலமும் ஊதாவும்தான் மொதல்ல மங்கும்."

"அதனாலதான் பத்தல பத்தலன்னு நீலத்த ஏத்திக்கிட்டே இருந்திருக்கேன். எவ்ளோ ஏத்தினாலும் துணிக்கும் படத்துக்கும் வித்தியாசமே தெரியல," என்றாள் ஹானி.

டாக்டருக்குப் புரியவில்லை. வலியுல்லா, "இவ போட்டோகிராபர்," என்று விளக்கினார்.

ஆபரேஷனுக்குத் தேதி குறித்தார்கள். முதலில் வலது கண். முடியும்வரை யாருக்கும் சொல்லாமல் விடுப்பு எடுத்துக்கொள்ளலாம் என்று ஹானிக்கு ஒரு எண்ணம் இருந்தது. ஆனால் அவுரிப் புத்தகம் அச்சகத்துக்குப் போகத் தயாராக இருந்தது. அதில் பாதிக்குமேல் இந்த வருடம் அவள் சரிசெய்த படங்கள். தப்பான நிறத்தோடு அது அச்சாகக் கூடாது. அனந்தராமன் அறைக்குப் போகுமுன் புகழேந்தியைக் கூப்பிட்டு, "கூட வா. நீ பேச வேணாம், நில்லு போதும்," என்றாள்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். நூல்கண்டு விஷயம் உட்பட. அனந்தராமன் முழுவதையும் கேட்டார். முடிந்ததும் முதலில் செய்த காரியம், புத்தகத்தை வடிவமைக்கும் நிஷாவுக்கு போன் போட்டு அச்சை நிறுத்தச் சொன்னதுதான். நிஷா எதிர்முனையில் பதறியது அறையில் எல்லோருக்கும் கேட்டது. கண்காட்சி திறக்க அதிக நாள் இல்லை.

"புஸ்தகம் இல்லாமலே திறப்போம்," என்றார் அனந்தராமன். "தப்பான நீலத்தோட வர்றதுக்கு லேட்டா வரட்டும்." போனை வைத்துவிட்டு ஹானியைப் பார்த்தார். "படங்களைத் திருப்பி எடுக்கணுமா?"

"வேணாம் சார்," என்றான் புகழேந்தி. பேசக்கூடாது என்பது மறந்துபோயிற்று. "அக்கா எடுத்த ஒரிஜினல் எல்லாம் அப்படியே கீது. சரிபண்ணது தனியா, ஒரிஜினல் தனியா. ஒண்ணும் அழியல."

"ஆனா கண்ணு சரியாகற வரைக்கும் நான் நிறத்துல கை வைக்க மாட்டேன் சார்," என்றாள் ஹானி. "அதுக்கப்புறமும் வேற ஆளு வைக்கணும்னா நீங்க வச்சுக்கலாம். நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்." கடைசி வாக்கியத்தில் அவள் குரல் உடைந்துவிட்டது.

"நன்னா இருக்கே," என்றார் அனந்தராமன். "எங்காத்துல அவளுக்கு முட்டி மாத்தியாச்சு, எனக்குப் பல்லு மாத்தியாச்சு. கண்ணு மாத்திண்டு வரவாளை வீட்டுக்கு அனுப்பணும்னா இந்தக் கட்டடத்துல யார் மிஞ்சுவா? போய் நல்லபடியா பண்ணிண்டு வாங்கோ." பிறகு புகழேந்தி பக்கம் திரும்பினார். "அன்னிக்குக் கேபிள்னு சொன்னீரே?"

"சும்மா சொன்னேன் சார்."

"அதுக்கு நான் வேற கத்தினேன்," என்றவர், கொஞ்ச நேரம் மேசைமேல் இருந்த பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார்.

எல்லாம் அவ்வளவு சுமுகமாக முடிந்துவிடவில்லை. குழுவில் ஒருவர், இந்தப் புத்தகத்தையாவது வெளியாளிடம் கொடுக்கலாம் என்று எழுத்திலேயே கேட்டார். அனந்தராமன் அதை ஏற்கவில்லை. ஆனால் அந்தச் செய்தி ஹானியின் காதுக்கு வந்துவிட்டது. ஆபரேஷனுக்கு முந்தைய நாள் முழுவதும் அவள் யாருடனும் சரியாகப் பேசவில்லை. கண்காட்சியும் புத்தகம் இல்லாமலே திறந்தது. வந்தவர்கள் எல்லோரும் புத்தகம் எங்கே என்று கேட்க, நிஷா பதில் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போனாள்.

ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. மறுநாள் காலை கட்டைப் பிரித்தார்கள். ஹானி வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்ததும் எதிர்ச் சுவரைப் பார்த்தாள். வலது கண்ணை மூடினாள், இடது கண்ணை மூடினாள். மறுபடி மாற்றி மாற்றி மூடினாள். ஒரு கண்ணுக்குச் சுவர் புதிதாகச் சுண்ணாம்பு அடித்தது போல இருந்தது. மற்ற கண்ணுக்கு டீ கொட்டித் துடைத்தது போல இருந்தது.

வலியுல்லா மருந்துப் பையோடு உள்ளே வந்தார். அவள் அவர் இடுப்பையே பார்த்தாள்.

"இந்த லுங்கி நீலமா?"

"வாங்கினதுலேர்ந்தே நீலம்தான்."

"இவ்ளோ நீலமா?" என்றாள். பிறகு ஜன்னல் பக்கம் போய் நின்றாள். எதிர்மாடியில் ஒரு தண்ணீர்க் குடம், கொடியில் யாருடைய பள்ளிச் சீருடையோ, அதற்கு மேலே வானம். சொட்டு மருந்துக்கு நேரமாகிவிட்டது என்று அவர் கூப்பிட்டும் அவள் திரும்பவில்லை. டாக்டர் அழக் கூடாது என்று சொல்லியிருந்தாள், அதனால் அடக்கிக்கொண்டாள்.

அவள் வேலைக்குத் திரும்பியதும் வாடகை இயந்திரங்களை மறுபடி வரவழைத்து இரண்டாவது சோதனை வைத்தார்கள். அதே விரிப்பு, அதே இரண்டு திரைகள். ஹானி இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, மூலப் படத்தை எடுத்து, நிறப்பட்டையை வைத்து அளந்து, துணியோடு ஒப்பிட்டு இரண்டிலும் சரிசெய்தாள். அனந்தராமன் பார்த்தார். இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. இரண்டும் துணி போலவே இருந்தன.

"இப்போ சொல்லுங்கோ. எது?"

"மேக்தான் சார்," என்றாள் ஹானி.

"விண்டோஸ்தான் சார்," என்றான் புகழேந்தி.

அனந்தராமன் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"கண்ணு சரியில்லன்னா கையும் சரியில்லன்னு ஆயிடுமா சார்?" என்றாள் ஹானி. "நிறம் ரெண்டுலயும் ஒண்ணுதான், ஒத்துக்கறேன். ஆனா மேக்ல நான் ஒரு நாளைக்கு இருபது படம் முடிப்பேன். விண்டோஸ்ல பட்டனத் தேடிக்கிட்டே பொழுது போயிடும்."

"அது பழக்கம்கா. ஒரு மாசத்துல வந்துடும். மெஷின் நின்னுபோச்சுன்னா அந்த இருபதும் நிக்கும்."

அரை மணி நேரம் பேசினார்கள். குரல் உயர்ந்தது. ஆனால் இந்தத் தடவை நடுவில் ஹானி தன் ஃபிளாஸ்க்கிலிருந்து அவனுக்கு டீ ஊற்றிக் கொடுத்தாள், அவன் குடித்துக்கொண்டே மறுத்துப் பேசினான். முடிவில் அனந்தராமன் விண்டோஸ் என்று தீர்மானித்தார். கட்டடம் முழுக்க ஒரே வகை, கெட்டால் கவனிக்க ஆள் பக்கத்திலேயே இருக்கிறான் என்பது அவர் காரணம். அதனால் மிஞ்சிய தொகையில் இன்னும் நல்ல திரைகளும், கூடத்துக்கென்று தனியாக ஒரு நிறம் அளக்கும் கருவியும் வாங்கச் சொன்னார்.

ஹானிக்கு வருத்தம்தான். அன்று பூராவும் அவள் முகம் தொங்கியிருந்தது. புது இயந்திரம் வந்த முதல் வாரம் அவள் கட்டைவிரல் மேக் பழக்கத்தில் ஸ்பேஸ் பாருக்குப் பக்கத்துப் பட்டனுக்கே போயிற்று. ஒவ்வொரு முறையும் வேறு ஏதோ ஒன்று திறந்துகொண்டது. அவள் வாய்க்குள் திட்டுவது பக்கத்து அறை வரை கேட்டது. திங்கட்கிழமை வந்து உட்கார்ந்தபோது விரல் போன இடத்தில் வேலை நடந்தது. ஒரு முறை, இரண்டு முறை செய்து பார்த்தாள். புகழேந்தி சனிக்கிழமை வந்து பட்டன்களின் வேலையை உள்ளுக்குள் இடம் மாற்றி வைத்திருந்தான்.

"எல்லாமே மாத்திட்டியா?" என்று மாடியிலிருந்து கத்தினாள்.

"முக்காவாசி. மிச்சத்துக்கு நீங்கதான் கொஞ்சம் இறங்கி வரணும்," என்று கீழேயிருந்து பதில் வந்தது.

புத்தகத்துக்கான படங்களை ஒவ்வொன்றாக மீண்டும் சரிசெய்யத் தொடங்கினார்கள். இன்னொரு கண்ணின் ஆபரேஷன் இன்னும் பாக்கி. அதனால் வேலை மெதுவாக நடந்தது. அவள் கண்ணைப் பொத்தும் கை வலித்தால் புகழேந்தி நிறப்பட்டையின் அளவைப் படித்துச் சொல்வான். நிஷா தினமும் ஒரு தடவை மேலே வந்து, முடிந்தவற்றை வாங்கிக்கொண்டு போனாள். முதல் நாட்களில் ஹானி தன் பழைய படத்தையும் திருத்திய படத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கச் சங்கடப்பட்டாள். போகப்போக, "இத பாரு, இதுல ஒரு அநியாயம் பண்ணிருக்கேன்," என்று அவளே கூப்பிட்டுக் காட்டினாள்.

ஒரு நாள் சாயங்காலம், வேலையை முடிக்கும் நேரத்தில், ஒரு குழந்தையின் மேல்சட்டைப் படம் வந்தது. புரை முற்றியிருந்த மாதங்களில் எடுத்தது. ஹானி நீலத்தைக் குறைத்தாள். இன்னும் குறைத்தாள். பிறகு கையை எடுத்துவிட்டு, சட்டையின் கழுத்தோரத்தில் மங்கலாகத் தெரிந்த ஒரு கோட்டை உற்றுப் பார்த்தாள்.

"புகழ், இந்தச் சட்டையை ஸ்டோர்லேர்ந்து எடுத்துட்டு வரச் சொல்றியா?"

"இப்பவா? மெஷின மூடலாம்னு பாத்தேன். அடையாறு சிக்னல்ல மாட்டினா நான் வீட்டுக்குப் போன மாதிரிதான்."

"எடுத்துட்டு வரச் சொல்லு."

சட்டை வந்தது. கையுறை போட்டு, மேசையில் விரித்து, விளக்கைப் போட்டார்கள். ஹானி இடது கண்ணைப் பொத்திக்கொண்டு குனிந்தாள். சட்டை முழுவதும் கருநீலம். கழுத்தைச் சுற்றியும் கைவிளிம்பிலும், அதைவிட ஒரு பிடி வெளிறிய நீலத்தில் மெல்லிய கொடி ஓடியது. இலை இலையாக, யாரோ பொறுமையாக வரைந்து சாயம் தோய்த்த கொடி.

"இது அப்பவே இருந்துச்சா?"

"இருந்துச்சுக்கா. எரநூறு வருஷமா கீது."

"நான் இதுக்கு நேர்மேல காமிராவ வச்சு, ஒரு மத்தியானம் பூரா இதையே பாத்துக்கிட்டு இருந்தேன்டா," என்றாள் ஹானி. "ஒரே நீலம், டிசைன் இல்லாத சட்டைன்னு நெனச்சு, வெளிச்சத்த நேரா அடிச்சு எடுத்திருக்கேன். துணியோட பளபளப்புல கொடி அமுங்கிப்போச்சு. இத கம்ப்யூட்டர்ல சரிபண்ண முடியாது. பக்கவாட்டுல வெளிச்சம் வச்சு எடுத்தாத்தான் தெரியும்."

புகழேந்தி கைக்கடிகாரத்தைப் பார்த்தான். சட்டையைப் பார்த்தான். வீட்டுக்கு போன் போட்டு, "லேட்டாவும், நீங்க சாப்டுங்க," என்று சொல்லிவிட்டு, மூடப்போன இயந்திரத்தை அப்படியே விட்டு விளக்கருகே போனான்.

"லைட்ட எந்தப் பக்கம் நகத்தணும், சொல்லுங்க," என்றான்.

"இடது பக்கம். இன்னும் கீழ இறக்கு. இன்னும்."